ஜெகபர் அலியின் வெறுங்குடம்

திண்டுக்கல்லில் மழை தவறிய எண்பத்து மூன்றாம் வருடம், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம், ராமுத்தாயின் வெறுங்குடம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிறைந்தபோது அந்த இடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். குடத்துக்குச் சொந்தக்காரியான ராமுத்தாய், லாரித் தண்ணீர் வருமென்று காத்திருந்து வராமல் போனதால், சர்புன்னிசா வீட்டு வாசற்படியில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஜெய்தூன் பீவி முட்டிவலிக்காரி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டுமென்பதால் சுவரோரம் கிடந்த பழைய ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரி சர்புன்னிசா நிலைக்கு உள்பக்கம், பாதி ஒதுக்கிய திரைக்குப் பின்னால், முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் ஜெகபர் அலி ஜும்மா தொழுதுவிட்டு வந்து, உள்ளே நாற்காலியில், மூன்று பெண்களுக்கும் முதுகைக் காட்டியபடி சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். ஆகவே நான்கு பேரில் அவர் ஒருவர்தான் அதைப் பார்க்கவில்லை. பிற்பாடு நடந்ததெல்லாம் அந்த முதுகிலிருந்துதான் ஆரம்பித்தது என்று அந்தத் தெரு இருக்கிற பேகம்பூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

ராமுத்தாய் அப்போது தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருசனுக்கு வேடசந்தூர் நூல் மில்லில் நிரந்தரமாக ராத்திரி ஷிப்டு. பகலெல்லாம் தூங்குகிற மனிதரை எழுப்பிவிடக் கூடாதென்று அந்த வீட்டில் வருடக்கணக்காக எல்லோரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள். தாளிக்கிற சட்டிக்கு மேல் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டுதான் கடுகு போடுவாள். சின்னவன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால்கூடக் காதோடு பதில் சொல்கிறானாம். தன்னுடைய குரல் எப்படி இருக்கும் என்பதே தனக்கு மறந்துவிட்டது, லாரிக்காரனோடு சண்டை போடும்போதுதான் அது தன்னிடம் இன்னும் இருக்கிறதென்று தெரிகிறது, அதனால்தான் தினமும் சண்டை போடுகிறேன் என்றாள். முறத்தில் அளைந்துகொண்டிருந்த சர்புன்னிசாவின் விரல்கள் நின்றன. "வெளங்குது" என்று சொன்னாள். குடத்துக்குள் அடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்து கழுத்துவரை வந்து நின்றது.

யாரும் பதறவில்லை. அந்த வருடம் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் ஊரில் யாருக்கும் கிடையாது. ஜெய்தூன் பீவி மட்டும், குடிக்கிற தண்ணியா பொழங்குற தண்ணியா என்று விசாரித்தாள். ராமுத்தாய் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, ஆத்தூர் டேம் தண்ணி மாதிரிதான் இருக்கு என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதற்கு முன்னால் வெளங்குது என்ற அந்தச் சொல்லுக்கு ஊரில் பெரிய மரியாதை ஒன்றும் இருந்ததில்லை. வாத்தியார் பிரம்பை மேசையில் தட்டி "வெளங்குச்சா" என்பார்; வகுப்பு முழுவதும் வெளங்குச்சு சார் என்று ராகம் போடும்; அடுத்த நாள் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது. முதலாளி வைது முடித்த பிறகு தொழிலாளி சொல்வது அது. மாமியார் பேச்சு நீண்டால் மருமகள் சொல்வதும் அதுதான். பேச்சை நிறுத்துவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை. தெருவில் முஸ்லிம் வீடுகளில் வெளங்குது என்றும் மற்ற வீடுகளில் புரியுது என்றும் சொல்வார்கள். எந்தச் சொல்லுக்குத் தண்ணீர் வருகிறதென்று இரண்டு தரப்புக்கும் தர்க்கம் வந்தபோது சர்புன்னிசாவையே இரண்டையும் சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே அளவுதான் நின்றது. மற்றப் பெண்கள் அதே சொற்களைத் தங்கள் வாயால் சொல்லிப் பார்த்ததில், ஒருத்திக்கு வெற்றிலை கழுவுகிற அளவுக்குக் கசிந்தது, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அதோடு சோதனைகளை நிறுத்திவிட்டு எல்லோரும் குடத்தோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். பித்தளைக் குடம், சில்வர் குடம், புதிதாய் வந்த பச்சையும் ஊதாவுமான பிளாஸ்டிக் குடம் எல்லாம் வந்தன. வந்தவர்கள் தங்கள் பாட்டைச் சொன்னார்கள். அவள் கல் பொறுக்கியபடியே கேட்டாள். எல்லோருக்கும் நிறையவில்லை, பக்கத்து வீட்டுக்காரி மேல் கோள் சொல்ல வந்தவர்களுக்கு அரைக்குடம்கூடத் தேறவில்லை.

நகராட்சித் தண்ணீர் லாரியை ஓட்டிய வேலுசாமி ஒருநாள் லாரியை முனையில் நிறுத்திவிட்டு வந்து, திரைக்கு வெளியே நின்றபடி, "பாயம்மா, நாள் முச்சூடும் ஊருக்குத் தண்ணி கொண்டாந்து ஊத்துறேன். வைய மட்டுந்தான் செய்யிறாங்க. ஏப்பா உனக்குத் தாகமா இருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆள் கேட்டதில்ல" என்றார். அவரிடம் குடம் கிடையாது. அவள் வெளங்குது என்றதும் லாரி டேங்க் நிறைந்து மூடி வழியாக வழிந்தது. இன்னொரு நாள், ஜெய்தூன் பீவியின் மகன் நைனா முகமது சவூதியிலிருந்து எழுதிய கடிதத்தைச் சர்புன்னிசா வாசித்துக் காட்டினாள். கூடத் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் வேறு பாஷைக்காரர்கள், கனவில்கூட இப்போது யாரும் தமிழ் பேசுவதில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அவள் வாசிப்பதை நிறுத்தி, "வெளங்குது" என்று தனக்குள் சொன்னாள். அடுத்த கடிதத்தில் நைனா முகமது, உடம்புக்கு சுகம், கட்டிலடியில் கிடந்த என்னுடைய காலி கேன் மூடி திறக்காமலே ரொம்பிவிட்டது, மற்றபடி இங்கே வெயில் அதிகம் என்று எழுதியிருந்தான். கடல் தாண்டியும் செல்லுபடியாகிறது என்று அதிலிருந்து தெருவுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் ஜெகபர் அலி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் ரைட்டர். ஆம்பூருக்கும் மெட்ராஸுக்கும் போகிற கடிதங்களை அவர்தான் எழுதுவார். "தங்கள் கடிதம் கிடைத்தது, விவரம் விளங்கிற்று" என்று ஆரம்பிக்காத கடிதத்தை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. விவரம் விளங்காத கடிதங்களுக்கும் அப்படித்தான் பதில் எழுதினார். தன்னுடைய கையால் இத்தனை ஆயிரம் தடவை எழுதப்பட்ட சொல், தன்னுடைய மனைவியின் வாயிலிருந்து அடுத்தவன் லாரியை நிரப்புவது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அவர்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் உண்டு, கல்யாணச் சீராக வந்தது. அதைத் தூக்கி வந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவள் எதிரே வைத்து அவரும் பேசிப் பார்த்தார். உப்பு விலை ஏறியதைச் சொன்னார், ஆம்பூர்ப் பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னார், முதலாளியின் மருமகன் தன்னை மதிக்காததைக்கூடச் சொன்னார். அவள் வெளங்குது என்றாள். குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். விரலில் தூசிதான் ஒட்டியது.

"நான் மனசாரத்தாங்க கேட்டேன்" என்றாள் அவள். அவளுக்கே வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்து, "நீங்க சொல்றது கடுதாசி வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவர் அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. நிறைந்த குடத்துக்காரர்கள் நன்றிக்கு ஆளுக்கொரு செம்பு ஊற்றிவிட்டுப் போவார்கள். அதில்தான் அடுப்படி நடந்தது. அடுத்தவன் சொன்ன கதைக்கு ஊறிய தண்ணீரை நான் குடிப்பதா என்று அவர் கோலி சோடாவாகக் குடித்தார். தோல் ஷாப்பில் குளித்தார், அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வரிசையில் வந்தவர்களின் முகத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, சந்தையில் அவர்களைக் கண்டால் மறுபக்கம் திரும்பினார். வேலுசாமியின் லாரி தெருவுக்குள் வந்தால் சைக்கிளை நடுவில் நிறுத்திச் செயின் மாட்டினார், கழலாத செயினை. அவனுக்கு ஒரு லாரி, எனக்கு ஒரு தம்ளர் இல்லை என்று ராப்பகலாக மனசுக்குள் ஓடியது.

உண்மையில் ஜெகபர் அலிக்குச் சொல்வதற்கு ஒரு சங்கதி இருந்தது. அவருக்கு மணம் தெரியாது. கல்யாணமான இரண்டாம் வருடம், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஒன்றைக் கிளறியபோது கிளம்பிய காட்டமான புகையில் மயங்கி விழுந்து எழுந்தார். அன்றோடு மூக்கு போயிற்று. வெளியூர்க்காரர்கள் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் அவர் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவதைப் பார்த்து, பழகிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பச்சைத் தோலை மோந்து பார்த்துக் கெட்டதை ஒதுக்குகிற பொறுப்பும் அவருடையது என்பதால் முதலாளியிடம் சொல்லவில்லை. மோந்து பார்ப்பது போல முகத்தருகே கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் ரோமத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படியே காலம் ஓடியது. மனைவியிடம் முதலில் வேலைக்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு, பொய்க்கு வயதாகிவிட்டதால் சொல்லவில்லை. ஒவ்வொரு வேளையும் சோறு போடும்போது அவள் "மணக்குதா" என்று கேட்பாள். "நல்லா மணக்குது" என்பார். தலையில் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாலும் அதே பதில்தான்.

அந்தச் சங்கதியைச் சொன்னால் குடம் நிறையும் என்று அவருக்கு உள்ளூரத் தெரியும். சொல்லவும் வாய் வரவில்லை, குடத்தையும் விட மனமில்லை. கடிதம் எழுதிப் பழகியவர் என்பதால் அவருக்கு அந்த வழிதான் தோன்றியது: முதலாளிக்காகத் தான் எழுதுவதில்லையா, அதுபோலத் தனக்காக ஒருவர் சொல்லட்டும். தோல் ஷாப்பில் உப்புப் போடுகிற அப்துல் சுக்கூரைப் பிடித்து, இந்த மூக்குச் சங்கதியை உன்னுடையதாகப் போய்ச் சொல், இந்தா என் குடம் என்று பித்தளைக் குடத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார். யாருடைய மூக்கு என்று சுக்கூர் கேட்டதற்கு, ஆம்பூரில் ஒரு சிநேகிதன் என்றார். தான் கொல்லைப்பக்கமாக வந்து உள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சுக்கூர் படியில் உட்கார்ந்து, "தங்கச்சி, எனக்கு ஏழெட்டு வருசமா மூக்குல மணமே தெரியலம்மா" என்று சரியாகத்தான் ஆரம்பித்தார். சர்புன்னிசாவின் விரல்கள் முறத்தில் மெதுவாயின. கட்டினவளிடம்கூடச் சொல்லவில்லை என்பதுவரைக்கும் பிசகில்லாமல் வந்துவிட்டு, திடீரென்று முகத்தைத் தூக்கி, "யாத்தே, நெத்திலிக் கருவாடா பொரிக்கிறாக பக்கத்து வீட்டுல?" என்றார். ஜெய்தூன் பீவி ஆட்டுக்கல்லிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். சர்புன்னிசா சிரிக்கவில்லை; உள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெட்கம் தாங்காத சுக்கூர், அது கிடக்குது தங்கச்சி, என் சங்கதியைச் சொல்கிறேன் என்று வேறொன்றைச் சொன்னார். நாற்பது வயதாகியும் குர்ஆனில் இரண்டு சின்ன சூராவுக்கு மேல் தனக்குப் பாடமில்லை. தோல் ஷாப்பில் தொழுகைக்கு நிற்கும்போது வயதில் மூத்தவர் என்று தொழவைக்க முன்னால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, தினமும் கை கால் கழுவி ஒளு செய்கிற சாக்கில் தாமதம் பண்ணிக் கடைசி வரிசைக்கு வந்து சேர்கிறேன், தண்ணீரில்லாத இந்த வருடம் அந்தச் சாக்கும் போயிற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். "வெளங்குதுண்ணே" என்றாள். பித்தளைக் குடம் நிறைந்து, வழிந்து, படியிறங்கித் தெருவில் ஓடியது. ஜெகபர் அலியின் சீர்க் குடம் முதன்முதலாக நிறைந்தது சுக்கூரின் கதைக்காகத்தான். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து அந்தத் தண்ணீரை அப்படியே தெருவில் கவிழ்த்தார்.

அன்று சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு, "இனிமே அந்தச் சொல்ல நீ இந்த வீட்டுல சொல்லக்கூடாது புள்ள. வெளங்குதா?" என்றார்.

"சொல்லக்கூடாதுன்னுட்டீங்களே, இப்ப நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் சர்புன்னிசா.

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. வந்தவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டலுக்குத் தண்ணீர் வரவில்லை. வரிசை கலைந்தது. சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் பருப்பாணத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அது தீய்ந்து கரியாகி, புகை அடங்கியபிறகு, மேலாக இருந்ததை வழித்துக் கணவருக்குச் சோற்றில் ஊற்றி, "மணக்குதா" என்று கேட்டாள். ஜெகபர் அலி தட்டை முகத்தருகே கொண்டுபோனார். "நல்லா மணக்குது" என்றார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்து வெகுநேரம் சுரண்டினாள். மறுநாள் காலை, தங்கச்சிக்கு மாதம் நெருங்கிவிட்டது என்று சொல்லி, வடமதுரையில் இருந்த அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது, நாற்பது நாளும் கழிந்தது, அவள் வரவில்லை. ஐப்பசியும் பொய்த்தது. வடமதுரைப் பக்கத்துக் கிணறுகளில் மட்டும் வாளிக்கயிற்றை அறுத்துக் குட்டையாக்கிக் கட்டுகிறார்கள் என்று பஸ் கண்டக்டர்கள் சொன்னார்கள். அந்த ஊர்த் தக்காளி பெரிசாக இருப்பதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஜெகபர் அலி அந்தத் தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தார். இத்தனை காலம் ஆட்கள்மேல் இருந்த பொறாமை ஒரு ஊரின்மேல் ஏறிவிட்டது. வடமதுரை என்று போர்டு போட்ட பஸ் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, அது போகிறவரை முறைத்தார். ஒரேயடியாக இளைத்துப்போனார். தோல் ஷாப்பில் இழுக்காத ரோமங்களை இழுத்ததாக நினைத்துக்கொண்டு ஒரு கட்டுக் கெட்ட தோலை நல்லதென்று ஒதுக்கினார். அதைப் பார்த்துவிட்ட சுக்கூர், ஒன்றும் சொல்லாமல், எடுத்து மாற்றி வைத்தார். மாற்றி வைக்கும்போது ஆம்பூர் சிநேகிதன் எப்படி இருக்கிறார் மாப்ள என்று மட்டும் விசாரித்தார்.

கார்த்திகையில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவரை ராமுத்தாய் வழிமறித்தாள். இப்போது அவள் யாரோடும் உரக்கச் சண்டை போடுவதில்லை. வேலுசாமியின் லாரியும் வேறு வார்டுக்குப் போய்விட்டது. பழையபடி கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

"ஏன் பாய், அன்னைக்குப் பருப்பு தீஞ்சு தெருவே இருமுச்சு. எங்க வீட்டுக்காரரு தூக்கம் கலஞ்சு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. நீங்க நல்லா மணக்குதுன்னு சாப்டீங்களாமே?"

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"பாயம்மா வந்து எங்கிட்டதான் அழுதுச்சு. வேணும்னேதான் தீயவிட்டேன் ராமுத்தாயின்னு சொல்லுச்சு. தெரிஞ்சுபோச்சு, ஆனா தெரிஞ்சுக்கிட்டா மட்டும் தண்ணி வருதா, அவுக வாயால சொல்லணும்லன்னுச்சு." பிறகு, "என் குடத்துக்கும் சேத்துத்தான் பாய் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெகபர் அலி வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டு, இன்லேண்டு கடிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். நேரில் போய்ச் சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் நேரில் போனால் மாமியார் வீட்டில் சோறு போட்டு, மணக்குதா என்று கேட்பார்கள், தன் வாய் பழக்கதோஷத்தில் என்ன சொல்லும் என்று அவருக்கே பயமாக இருந்தது. கையெழுத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அன்புள்ள என்று ஆரம்பித்துப் பார்த்தார், ஓடவில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரியில், அனுப்புநர் பெறுநர் போட்டு, ஓரம் விட்டு எழுதினார்.

"பொருள்: என் மூக்கு குறித்து. பார்வை: தாங்கள் தினமும் கேட்டுவந்த 'மணக்குதா' என்ற கேள்வி. மேற்படி கேள்விக்கு இதுநாள்வரை நான் அளித்த பதில்கள் யாவும் தவறானவை. மணக்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து எனக்கு எதுவும் மணப்பதில்லை. சுக்கூர் சொன்னது என் சங்கதி. கருவாட்டு வாடை மட்டும் அவருடையது. பருப்பு தீய்ந்த அன்று தாங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன், கவனிக்காததுபோல் சாப்பிட்டேன். பிரிந்து போனவர்களை நினைத்தால் அவர்கள் வாசனை வரும் என்கிறார்கள். தங்களை நினைத்தால் எனக்கு முறத்தில் அரிசி உரசுகிற சத்தம் மட்டும்தான் வருகிறது. வேறொன்றும் என்னிடம் இல்லை. தங்களிடம் வந்து பேசியவர்கள் எல்லோர்மேலும் எனக்குப் பொறாமை. ராமுத்தாய்மேல் உண்டு. வேலுசாமியின் லாரிமேல் மிகவும் உண்டு. நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை நைனா முகமதுமேல்கூட உண்டு. தற்சமயம் வடமதுரைமேல் உண்டு."

இந்த இடத்தில், விவரம் விளங்கியிருக்கும் என நம்புகிறேன் என்று எழுதத் தன்னால் கை போயிற்று. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வரிக்கான இடத்தை வெறுமனே விட்டு, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

இன்லேண்டை மடித்து, நாக்கால் நனைத்து ஒட்டினார். பசையின் புளிப்பு தெரிந்தது, வாடை தெரியவில்லை. பிறகு பித்தளைக் குடத்தை எடுத்துவந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பழைய வேட்டியால் துடைத்து, வாய் மேலே பார்க்க வாசற்படியில் வைத்தார். பூனை தட்டிவிடாமலிருக்க அடியில் இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு முனைக்கு நடந்தார். தபால்பெட்டி ராமுத்தாயின் வீட்டுச் சுவரோரம்தான் இருந்தது. புருசனை மில் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பாய், குடம் பளபளன்னு வாசல்ல நிக்கிது. லாரி வருதாக்கும்?"

"லாரி இல்ல. நாளைக்குத் தபால்ல வரும்" என்றார் ஜெகபர் அலி.

ராமுத்தாய் அவர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். வடமதுரைக்குக் காலைத் தபால் கட்டு எப்போது போய்ச் சேரும் என்று அவளுக்கும் தெரியும். "உங்களுக்கு மட்டுமா, தெருவுக்குமா?" என்று கேட்டாள்.

அவர் தன் வாசலில் நின்ற குடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மொதக் குடம் எனக்கு" என்றார். "மிச்சத்த அவ வந்து பாத்துக்கிருவா."

ராமுத்தாய் தன் குடத்தைத் துலக்குவதற்குச் சாம்பல் எடுக்க உள்ளே போனாள். ஜெகபர் அலி விலாசத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டார்.